மருதமுனை மாப்பிள்ளையின் பாய்வள்ளம்

தங்கச்சியின் வளவுக்குள் நான் நுழைந்தபோது வள்ளம் இருக்கவில்லை. வள்ளத்தின் கோடு மட்டும் இருந்தது. மணலில் குச்சிகள் நட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெள்ளை நூலை இழுத்துக் கட்டியிருந்தது. முன்னால் ஒடுங்கி, நடுவில் பருத்து, பின்னால் மறுபடி சற்றுச் சுருங்கி, முழங்கால் உயரத்தில் நூலாலான ஒரு வள்ளம் நின்றது. கோழிகள் அதற்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே போயின. நூலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மச்சான், தங்கச்சியின் மாப்பிள்ளை, என் பையையும் என்னையும் நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், அந்தப் பக்கத்தால சுத்தி வாங்க. நூலுல கால் பட்டா இவ்வளவு வேலையும் போயிரும்" என்றார். நான் ஊர் திரும்பியது மூன்று வருடத்துக்குப் பிறகு. சலாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இறக்காமத்தில் வயலுக்கு யானைக் காவல் இருந்திருக்கிறேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறேன். நீர்கொழும்பில் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். கடைசியாக வளைகுடா நாடொன்றில், படகு கட்டும் துறையில், காற்று வராத கொட்டகைக்குள் ஸ்பிரே அடிக்கும் வேலை. இரண்டாவது வருடம் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. மூன்றாவது வருடம் படி ஏற முடியவில்லை. டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. அந்தக் கொட்டகையில் என்னோடு நின்ற பலருக்கும் அதுதான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் சாய்ந்தமருதில் நாங்கள் பிறந்த வளவு தங்கச்சிக்கு வந்தது. சுனாமியில் உம்மாவும் பழைய வீடும் போன பிறகு அதே இடத்தில் கட்டிய வீடும் அவளுக்குத்தான். எங்கள் மூத்த சகோதரரான காக்கா இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய மனைவி வீட்டில் இருக்கிறார். நான் கல்யாணம் முடிக்காதவன் என்பதால் எந்த வீட்டுக்கும் உரியவனல்ல. தங்கச்சி குசினிக்குப் பக்கத்துச் சாய்ப்பில் எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தந்தாள்.

மச்சான் மருதமுனைக்காரர். மருதமுனையிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் ஏறி, இருக்கை பிடித்து, டிக்கெட் எடுத்து முடிவதற்குள் இறங்க வேண்டி வரும். ஆனாலும் அவர் வேறு உலகத்து ஆள். அவர்கள் பரம்பரையாகத் தறிக்காரர்கள். அவர் மாப்பிள்ளையாக வந்தபோது தறியும் லொறியில் கூட வந்தது. எங்கள் குடும்பமோ கடல். வாப்பா தண்டல். யுத்த காலத்தில் ஒரு நாள் வலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவருக்குப் பிறகு காக்கா தண்டல். வள்ளத்தில் சுக்கானைப் பிடித்து, ஆட்களுக்குக் கட்டளை சொல்லிக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவரைத்தான் தண்டல் என்போம். எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காத அந்த நாட்களில் பாய் கட்டி ஓடிப் பழகியவர் காக்கா. காற்றைக் காதால் பார்ப்பார் என்று கரையில் சொல்வார்கள்.

நான் வருவதற்கு ஒரு வருடம் முன்பு இருவருக்கும் ஒரு கல்யாண வீட்டு வலீமா விருந்தில் தகராறு. நடந்ததைத் தங்கச்சி எனக்குச் சொன்னாள். எங்கள் விருந்தில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். காக்காவும் மச்சானும் ஒரே சஹன். மச்சான் சோற்றிலிருந்து ஒரு மயிரை எடுத்துப் போட்டிருக்கிறார். காக்கா, மருதமுனை மாப்பிள்ளை சோற்றுக்குள்ளும் நூல் தேடுகிறார் என்று சொல்ல, சஹன் முழுக்கச் சிரித்திருக்கிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடல் தண்ணீர் படாத கைக்கு இறைச்சி எதற்கு, பருப்பைத் தள்ளுங்கள் என்று காக்கா தொடர்ந்தார். மச்சான் எழும்பிவிட்டார். எல்லோரும் முடிக்கும் வரைக்கும் ஒருவரும் சஹனை விட்டு எழும்புவதில்லை. பாதியில் எழும்புவது முகத்தில் துப்புவதற்கு ஒரு படி குறைவு.

அன்றிலிருந்து இருவருக்கும் கதையில்லை. எங்கள் ஊரில் கதையில்லை என்றால் அது ஒளித்துச் செய்யும் காரியமல்ல. எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எல்லோரும் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். பள்ளிவாசலில் இருவரும் சத்தமாகச் சலாம் சொல்லிக்கொண்டார்கள். அது மார்க்கத்துக்காக. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காக்கா தங்கச்சியின் வளவுக்குள் கால் வைப்பதையும் நிறுத்தினார். காலையில் கடலால் வந்ததும் அவளுக்குரிய மீனைப் பையில் போட்டு கேட்டில் கொழுவிவிட்டு, "புள்ள, மீன்" என்று ஒரு குரல் கொடுத்துப் போய்விடுவார். பிறந்த வளவுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கும் காக்காவின் மீனை அவள் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் மச்சான் வள்ளம் கட்டினார். நாட்டில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்த வருடம் எங்கள் கரையில் சிலர் பழையபடி பாய் கட்டினார்கள். எண்ணெய் வந்ததும் பாயைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பாயில் ஓடிய ருசி போகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பாய்வள்ள ஓட்டம் என்று தொடங்கி, அது வருடா வருடம் நடக்கிறது. ஒரு வள்ளத்துக்கு மூன்று பேர், எஞ்சின் கூடாது, வள்ளம் சொந்தமாகக் கட்டியதாக இருக்க வேண்டும். ஒரு தடவை கடல் தெரியாத சிலர் கவிழ்ந்து தண்ணீர் குடித்ததால், சுக்கானில் ஒரு தண்டல் இருந்தே ஆகவேண்டும் என்றும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

மச்சான் வள்ளத்தைத் தைத்தார். இதை நான் நீர்கொழும்பிலும் பார்த்ததில்லை, வளைகுடாவிலும் பார்த்ததில்லை. போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் செய்வதைப் பார்த்து விளங்கிக்கொண்டாராம். பிளைவுட்டை நூல் காட்டிய கோட்டில் வெட்டி, விளிம்புகளில் துளை போட்டு, நைலோன் நூலால் பலகையோடு பலகையைத் தைத்தார். தைத்து இறுக்க இறுக்கத் தட்டைப் பலகை தானாகவே வளைந்து வள்ளமாக எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறு எந்த வேலையும் நினைவுக்கு வரவில்லை. தையலுக்கு மேல் உள்ளும் புறமும் பைபர் துணியும் ரெசினும். ஒரு இடத்திலும் ஆணி இல்லை. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டதே தெரியாமல் முடிகிறவர்கள் அவர்கள். அந்தத் தையலைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒன்றும் படவில்லை.

பெயின்ட் என் பொறுப்பு. ஸ்பிரே எனக்கு இனி ஆகாது, பிரஷ்தான். கடற்கரையில் பெயின்ட் அடிப்பதற்குச் சில விசயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் பலகையில் படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடித்தால் ஒரு மாதத்தில் கொப்புளம் கட்டும். சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுவதற்குள் அடிக்க வேண்டும். வெயில் ஏறினால் கச்சான் காற்று தொடங்கிவிடும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காய்ந்த காற்று. பெயின்டை பிரஷ் எடுப்பதற்குள் உலர்த்தி, கோடு கோடாக விட்டுவிடும். மணலையும் கொண்டுவந்து ஒட்டும். நான் இதைச் சொன்ன அன்றே மச்சான் தறியில் கிடந்த நீளத் துணிகளை எடுத்துவந்து, தண்ணீரில் நனைத்து, வள்ளத்தைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார். மணல் ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டது. உள்ளே குளிர்ச்சியாகவும் இருந்தது. நீர்கொழும்பில் முதலாளிமார் தறப்பாள் கட்டி அதற்குள் எங்களை அவிய விடுவார்கள். ஈரத் துணி ஒருவருக்கும் தோன்றவில்லை.

பட்டி பூசி, காயவிட்டு, சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தோம். தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது என்பதால் நான் மூக்கில் ஈரச் சால்வை கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் தேய்ப்பேன், கொஞ்ச நேரம் இருமுவேன். நான் இருமும்போது மச்சான் என் பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்தார். பிறகு பிரைமர். பிறகு அடிப்பகுதிக்குப் பச்சை, மேலே வெள்ளை. இரண்டாவது பூச்சு காய்ந்த அன்று தங்கச்சி வந்து, வெள்ளையில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

காக்கா இதையெல்லாம் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார். மதில் இடுப்பளவுதான். மீன் பையைக் கொழுவிவிட்டு முன்பெல்லாம் நேரே போய்விடுகிறவர், இப்போது நின்றார். என்னோடு கதைப்பதற்குத்தான் நிற்கிறாராம். மச்சான் இரண்டு முழம் தள்ளிக் குந்தியிருப்பார்.

"டேய் தம்பி, அந்தாளுக்குச் சொல்லு, பாய்மரக் குழி பின்னுக்கு வந்திட்டு. ஒரு சாண் முன்னுக்குப் போகணும்."

நான் மச்சான் பக்கம் திரும்பி, பாய்மரக் குழி முன்னுக்குப் போகட்டாம் என்பேன். மச்சான் தேய்ப்பதை நிறுத்தாமல், "நூல் புடிச்சித்தான் வெச்சன் எண்டு சொல்லுங்க" என்பார். நான் மதில் பக்கம் திரும்புவேன். "நூல் காத்தப் புடிக்குமா எண்டு கேளு" என்று அங்கிருந்து வரும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கிறது என்பது மூவருக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துதான் பதில் சொன்னார்கள். ஒரு நாள் நான் சலித்துப்போய்க் கடத்தாமல் விட்டேன். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

மச்சான் பாய்மரக் குழியை ஒரு சாண் முன்னுக்கு வைத்தார்.

பாய்மரம் சவுக்கு. சுனாமிக்குப் பிறகு கரையோரம் நட்ட சவுக்கு மரங்களில் காற்றில் விழுந்த ஒன்றை எடுத்துச் சீவினோம். பாயை இழுக்கும் கயிறு ஓடுவதற்குத் தறியில் முன்பு ஓடிய பழைய சின்னக் கப்பிகளையே மச்சான் எடுத்துப் பொருத்தினார். அவை வருடக்கணக்காக ஓடி வழுவழுவென்று இருந்தன. கயிறு சத்தமில்லாமல் போனது. பாயையும் அவரே நெய்தார். தறியின் அகலம்தான் துணியின் அகலம் என்பதால் கீலம் கீலமாக நெய்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து முக்கோணமாக்கினார். அவ்வளவு நெருக்கமான நெசவை நான் கண்டதில்லை. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் ஒரு துளி வெளிச்சம் வராது.

ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. தறிக்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. நெய்த துணியை விறைப்பாகக் கொடுத்துப் பழகியவர், பழக்கத்தில் பாய்க்கும் அரிசிக் கஞ்சி போட்டுவிட்டார். மதிலில் காயப் போட்டிருந்தபோது தகரம் போல நின்றது. அழகுதான். கஞ்சி வாசத்துக்குப் பக்கத்து வீட்டு ஆடு வந்து ஒரு மூலையைத் தின்றுவிட்டது. தங்கச்சி துரத்திய நேரம் காக்கா மதிலடியில் நின்றார்.

"அவருக்குச் சொல்லு தம்பி, ஓட்டத்துக்கு ஆட்டையும் கூட்டிட்டுப் போகட்டாம். மூண்டாவது ஆளுக்கு ஆகும்."

இதை நான் கடத்தவில்லை. மச்சானின் காது சிவந்ததே போதும்.

மச்சான் மூலையை ஒட்டுப் போட்டார், கஞ்சியை எடுக்கவில்லை. விறைப்பாக இருந்தால்தான் காற்றைப் பிடிக்கும் என்றார். அவரும் நானும் கரையோரமாக வள்ளத்தை இறக்கிப் பார்த்தோம். முதல் அலை தெறித்துப் பாய் நனைந்ததும் கஞ்சி கரைந்து, பாய் நனைந்த சாரன் போலத் தொங்கியது. வள்ளம் பக்கவாட்டில் போய் மணலில் ஏறியது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த காக்கா கையை நிறுத்தினார். சிரிக்கவில்லை. அவருடைய கண் வள்ளத்தின் அடியைப் பார்த்தது, அது தண்ணீரில் எப்படி உட்கார்ந்தது என்று. அந்தப் பார்வையை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆசைப்பட்டுவிட்டார்.

மச்சான் அன்றே பாயைக் கிணற்றடியில் போட்டு, கஞ்சி முழுக்கப் போகும்வரை மிதித்துக் கழுவி, காய்ந்த பிறகு தொய்ந்த இடங்களை மடித்து மறுபடி தைத்தார். பிழையை மூடப் பார்க்கவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் சுக்கானுக்கு ஆளில்லை. எங்கள் கரையின் மற்றத் தண்டல்களைக் கேட்டால், உங்கள் காக்கா இருக்கும்போது நாங்கள் எப்படி ஏறுவது என்றார்கள். காக்காவிடம் நானே போய்க் கேட்டேன். "அவர் வந்து கேக்கட்டும்" என்றார். மச்சானிடம் கேட்டேன். "ஏசினது அவர். அவர் வந்து கதைக்கட்டும்" என்றார். பெருநாள் கிட்ட வந்ததும் மச்சான் கோமாரி என்ற ஊரில் ஒரு தண்டலைப் பிடித்தார். அந்த ஆள் சம்மதித்துவிட்டார்.

அது தெரிந்த அன்று தங்கச்சி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"வேற ஊர்த் தண்டல் அந்த வள்ளத்துல ஏறினா, மறுகா காக்கா இந்த வளவுக்கு வரவே மாட்டார். உங்களுக்கு விளங்குதா?"

"ஓம். அதுக்கு நான் என்ன செய்ய?"

"சிவப்புப் பெயின்ட் இரிக்குதானே. வாப்பாட பட்டையப் போடுங்க."

எங்கள் கரையில் கடல் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வள்ளத்தில் ஒரு பட்டை உண்டு. தூரத்தில் வரும்போதே யாருடைய வள்ளம் என்று கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. எங்களுடையது வெள்ளைக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை; முன்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விட்டுப் பிறகு தொடரும். அந்தப் பட்டையோடு ஒரு வள்ளம் இறங்கினால் எங்கள் குடும்பத்துத் தண்டல்தான் சுக்கானில் இருக்க வேண்டும். வேறொருவன் இருந்தால் வெட்கம் காக்காவுக்கு. காக்கா கோபத்தில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் வெட்கம் மச்சானுக்கு. அதற்குப் பிறகு சலாமும் மிஞ்சாது. இதெல்லாம் தெரிந்துதான் வெங்காயம் வெட்டுகிறாள்.

மச்சானிடம் அவளே பேசிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. அடுத்த நாள் காலை அவர் நீலத்தில் தோய்த்த நூலைக் கொண்டுவந்து ஒரு முனையை என் கையில் தந்தார். வள்ளத்தின் வளைவோடு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டினோம். மெல்லிய நீலக் கோடு விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நான் சிவப்பை அடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். என் மூச்சுக்கு ஒரு முழம்தான் கிடைத்தது. முழம் முழமாகச் சேர்த்தேன். சேர்த்த இடம் தெரியவில்லை. நான் செய்த பெயின்ட் வேலைகளில் நல்லது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

காக்கா வந்தார். மீன் பையைக் கொழுவ மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தார்.

"இத ஆர் போடச் சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான்" என்றாள் தங்கச்சி, வாசலில் நின்று.

"கோமாரியான் சுக்கான் புடிக்கிற வள்ளத்துக்கு வாப்பாட பட்டையா?"

"அப்ப நீங்க புடிங்க."

மச்சான் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, ஆனால் கப்பியும் சுழலவில்லை. காக்கா மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு என்னிடம், "பட்டை கோணல்" என்று சொல்லிவிட்டுப் போனார். நூல் பிடித்துப் போட்ட பட்டை. கோணல் இல்லை. அவர் வேறொன்றும் சொல்ல முடியாமல் அதைச் சொன்னார்.

அடுத்த நாள் மதிலுக்கு மேலால் ஒரு சுக்கானைத் தூக்கித் தந்தார். அவரே சீவியது, பழைய வேப்பம் பலகை. "ஒங்கட சுக்கான் கடலுக்கு ஆகாது" என்றார் என்னிடம். அவ்வளவுதான். மச்சான் போன் எடுத்து கோமாரிக்குக் கதைத்தார். காக்கா வருகிறார் என்று எங்களுக்கு விளங்கியது. ஆனால் வளவுக்குள் கால் வைக்கவில்லை. கதையும் இல்லை.

ஓட்டத்தன்று காலையிலிருந்தே கச்சான் பலமாக அடித்தது. கரை முழுக்கச் சனம். பெண்கள் சவுக்கு மரங்களுக்குக் கீழே நின்றார்கள். காற்று தரையிலிருந்து வீசுவதால் போவது லேசு. கடலில் கொடி கட்டி மிதக்கவிட்ட கேனைச் சுற்றித் திரும்பி வருவதுதான் கஷ்டம். காற்றுக்கு முகம் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி ஏறி வரவேண்டும். பின்னால் காக்கா சுக்கானில். முன்னால் மச்சான் பாய்க் கயிற்றோடு. நடுவில் நான், தண்ணீர் இறைப்பதற்கும் வள்ளம் சாயும் பக்கத்துக்கு எதிரே போய் உட்காருவதற்கும். மூன்றாவது ஒரு வேலையும் எனக்கு இருந்தது.

"கயித்தக் கொஞ்சம் விடச் சொல்லு."

"மச்சான், கயித்தக் கொஞ்சம் விடட்டாம்."

"விட்டிட்டன் எண்டு சொல்லுங்க."

"விட்டிட்டாராம் காக்கா."

பக்கத்தில் ஓடிய வள்ளத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவர்களுடைய பாய் ஆடியது. போகும்போது இது பெரிதாகப் பாதிக்கவில்லை. மச்சானின் பாய் கல்லுப்போல நின்று காற்றை ஒரு துளியும் கசியவிடாமல் பிடித்தது. தைத்த வள்ளம் அலையை வெட்டாமல் அதன் மேல் வழுக்கிப் போனது. காக்கா ஒரு விரலால் சுக்கானைத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ படகுகளுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அவை ஓடும்போது உள்ளே இருந்ததில்லை. இரண்டு வள்ளங்களைத் தாண்டிப் போனோம்.

கேனைச் சுற்றும் இடத்தில்தான் சிக்கல். திரும்பும்போது காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயைத் தூக்கிப் போடும். சுக்கானும் கயிறும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். காக்கா சுக்கானைத் திருப்பி, "இப்ப விடச் சொல்லு" என்றார். அதே நேரம் ஓர் அலை என் முகத்தில் அடித்தது. உப்புத் தண்ணீர் நெஞ்சுக்குள் போக எனக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. மச்சான் கயிற்றைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்தார். காக்காவும் என் வாயைப் பார்த்தார். வள்ளம் சாய்ந்தது. சிவப்புப் பட்டை தண்ணீருக்குள் போனது. விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது. மச்சானுக்கு விசயம் விளங்காமலில்லை. காக்கா சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் தண்டல் தனக்குச் சொல்லாமல் அவர் விடமாட்டார். பிடித்த பிடியில் கயிறு கையை அறுத்தது.

"மச்சான்" என்றார் காக்கா. "கயித்த விடுங்க."

மச்சான் விட்டார். பாய் மறுபக்கம் போனது. வள்ளம் எழும்பியது. நான் படுத்துக்கிடந்து மூச்செடுத்தேன்.

அதற்குப் பிறகு என் தலைக்கு மேலால் கதை போனது. இழுங்க, விடுங்க, இன்னும், இன்னும், அறிவில்லையா, காத்து மாறுறது தெரியலையா என்று காக்கா ஒரு வருடத்துக் கதை முழுவதையும் கேனிலிருந்து கரைக்கு வருவதற்குள் கதைத்தார். மச்சானும் சும்மா இருக்கவில்லை. நீங்க சுக்கானக் கொஞ்சம் அடக்கிப் பிடிச்சா நான் ஏன் இவ்வளவு இழுக்கிற என்றார். ஒரு தடவை மச்சான் கட்டளைக்கு முன்பே கயிற்றை மாற்றிவிட்டார். சரியான நேரத்தில். காக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார். காற்றைக் காதால் பார்க்கிற ஒருவரும் இழையை விரலால் பார்க்கிற ஒருவரும் ஒரே வள்ளத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் வள்ளத்துக்குள் தேங்கிய தண்ணீரில் கிடந்து பார்த்தேன். திரும்பும்போது இழந்ததை முழுக்கப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவதாகக் கரை ஏறினோம்.

மணலில் இறங்கியதும் காக்கா பாய்க் கயிற்றைக் கட்டும் இடத்தைக் காட்டி, அது அங்கே இருந்ததால்தான் முதலிடம் போனது என்று மச்சானை ஏசத் தொடங்கினார். மச்சான் இரத்தம் கசிந்த கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு, முதலிடம் போனது சுக்கானால் என்றார். இருவரும் வள்ளத்தின் இரண்டு பக்கமும் நின்று, அதை மேலே இழுக்க வந்தவர்களுக்கும் வழிவிடாமல் வாதாடினார்கள்.

தங்கச்சி சவுக்குப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். அவர்களைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டாள்.

"என்ன நடக்குது? கதைச்சாங்களா?"

"ஏசிக்கிறாங்க."

"என்னத்துக்கு?"

"கயிறு கட்டுற இடத்துக்கு."

"வேற ஒண்டும் இல்லையே?"

"இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை, ஆட்கள் பசியோடு வருவார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வலீமாவில் நடந்ததைப் பற்றி இருவரும் அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைத்ததாகத் தெரியவில்லை. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. பெருநாள் முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் சாய்ப்பில் படுத்திருந்தேன். வளவுக்குள் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். காக்கா வள்ளத்துக்குள் குந்தியிருந்து கயிறு கட்டும் கட்டையை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் புதிய இடத்தைப் பென்சிலால் குறித்தபடி, அங்கே வேண்டாம், இன்னும் இரண்டு விரல் பின்னுக்கு என்றார். கேட் திறந்து கிடந்தது. இரண்டு விரலா மூன்று விரலா என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.